இறங்கித் தள்ளச் சொன்னவன்

1

ஜெர்மனியில் ஓட்டுநர் தேர்வு நடக்கும்போது, சிவப்பு விளக்கில் காரை விட்டுக் கீழே இறங்கி, பின்சீட்டில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரியிடம், "ஐயா, நீங்களும் கொஞ்சம் இறங்கித் தள்ள முடியுமா?" என்று கேட்ட ஆள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம். இப்போதைக்கு நானே தலைவர், நானே உறுப்பினர்.

நான் நாமக்கல்காரன். இதைப் படித்ததும் உங்களில் பாதிப் பேர் சிரித்திருப்பீர்கள். லாரி ஊரில் பிறந்தவன், அதிலும் லாரி டிரைவர் மகன், கார் ஓட்டிக் காட்டச் சொன்னால் தோற்றான் என்றால் வேறென்ன செய்வீர்கள். மீன் குஞ்சு நீச்சலில் ஃபெயிலான கதைதான் இது.

இந்த நாட்டுக்கு வந்து வெகு காலமாகிறது. தெற்குப் பக்கத்தில், டிராம் ஓடுகிற ஒரு நடுத்தர நகரம். வேலைக்கு டிராம், கடைக்கு சைக்கிள், மற்ற எல்லாவற்றுக்கும் கோமதி. கோமதி என் மனைவி. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை. வந்த புதிதிலேயே முறையாகப் பழகி லைசென்ஸ் எடுத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை. 'லாரிக்காரன் மகனுக்கு எதுக்குப் பரீட்சை' என்று ஒரு திமிர். பரீட்சை என்றாலே எனக்குப் பயம் என்பது அந்தத் திமிரின் உள்பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த உண்மை.

அவசியம் மகளால் வந்தது. எங்கள் ஒரே மகள் நித்யா, காரில் இரண்டரை மணி நேரம் போகவேண்டிய ஒரு ஊருக்குக் கட்டடக்கலை படிக்கப் போனாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை காலையில் கோமதி போய் அவளைக் கூட்டிவருவாள், ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விடுவாள். அப்புறம் ஆய்வகத்தில் கோமதிக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட் போட்டார்கள். நித்யா வருவது மாதம் ஒரு தடவை என்று ஆனது. பிறகு நாள் கிழமைக்கு மட்டும் என்று ஆனது. போன தீபாவளிக்கு அதுவும் இல்லை.

"அம்மாவுக்கு டியூட்டி, உங்களுக்கு ஓட்டத் தெரியாது. விடுங்கப்பா, பரவால்ல," என்றாள் போனில்.

அந்தப் 'பரவால்ல'தான் என்னை ஓட்டுநர் பள்ளிக்குத் துரத்தியது. லைசென்ஸ் எடுத்தால் மகள் வீட்டுக்கு வருவாள், எடுக்காவிட்டால் வரமாட்டாள். எனக்கு விஷயம் அவ்வளவு நேர்கோடாகத்தான் தெரிந்தது.

2

இந்திய லைசென்ஸ் இங்கே ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்கு மேல் அது நீங்கள் ஒரு காலத்தில் நிறைய முடியோடு இருந்தீர்கள் என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. முதலிலிருந்து தொடங்கவேண்டும். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, எழுத்துத் தேர்வு, பிறகு ஓட்டும் தேர்வு. நாமக்கல்லில் நான் பைக்கில் எட்டுப் போட்டுக் காட்டினேன், ஜீப்பை ஓரடி முன்னால் ஓரடி பின்னால் நகர்த்தினேன், கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

லைசென்ஸ் ஆபீஸ் அம்மா என் பழைய லைசென்சின் மொழிபெயர்ப்பைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இந்த 'எஸ் பை ஓ' என்பது உங்கள் நடுப்பெயரா?"

"இல்லை. இன்னாருடைய மகன் என்று அர்த்தம்."

"உங்களுக்கு ஐம்பது வயதாகிறதே."

"எங்கள் ஊரில் அது ரிட்டயர்மென்ட் இல்லாத உத்தியோகம்."

அவர் சிரிக்கவில்லை. எதையோ தட்டச்சு செய்தார். நல்லவேளை, நடுப்பெயர் இடத்தில் அது ஏறவில்லை.

முதலுதவி வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் என் மகள் வயது. ஒரு பையன் மயக்கம் போட்டதுபோல் படுத்தான். நான் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவன் எழுந்து, "உங்களுக்கு முதுகு வலிக்கிறதா?" என்று அக்கறையாகக் கேட்டான். எழுத்துத் தேர்வு தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் எழுதினேன். சாலையில் பந்து உருண்டு வந்தால் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பின்னாலேயே குழந்தை ஓடிவரும் என்பது விடை. எங்கள் பக்கம் பந்து வந்தால் குழந்தை, குழந்தையின் பின்னால் அதன் அம்மா, அதன் பின்னால் பந்தயம் கட்டியதுபோல் ஓர் ஆடு என்று வரும். அந்தக் கட்டம் மட்டும் திரையில் இல்லை.

3

ஓட்டப் பழக்கியவர் பெயர் ஊவே. என் வயதுதான். அதிகம் பேசமாட்டார். "தோள்" என்பார். அவ்வளவுதான். வளைவதற்கு முன்னால், தடம் மாறுவதற்கு முன்னால், கதவைத் திறப்பதற்கு முன்னால் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்க்கவேண்டும் என்று அர்த்தம். பனிக்காலம் முழுக்க அவரோடு ஓட்டினேன். ஹீட்டர் கத்த, கண்ணாடியில் ஐஸ் உருக, அவர் "தோள்", நான் திரும்ப. கோயிலில் பிரதட்சிணம் வருவதுபோல் ஒரே தெருக்கள். ஒரு குறையும் இல்லாமல் போயிற்று.

தேர்வு நாளன்று வெயில் அடித்தது. அந்த வருஷத்தின் முதல் நல்ல வெயில். ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கிளம்பினோம். பக்கத்தில் ஊவே. பின்சீட்டில் வெள்ளை மீசை வைத்த தேர்வு அதிகாரி, மடியில் ஒரு டேப்லெட்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். இந்தக் காலத்துக் கார்களில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சிக்னலில் நின்று, நியூட்டருக்கு வந்து, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். பச்சை விழுந்ததும் கிளட்சை மிதித்தால் தானாகக் கிளம்பிவிடும். சும்மா நிற்கிற வண்டி எதற்கு எண்ணெய் குடிக்கவேண்டும், எதற்குப் புகை விடவேண்டும் என்ற எண்ணம். ஆனால் அதற்கும் கொஞ்சம் பிகு உண்டு. கடுங்குளிரில் வேலை செய்யாது. ஹீட்டர் முழு மூச்சில் ஓடினாலோ, பேட்டரி சோர்ந்திருந்தாலோ, 'இப்போது அணைக்க வேண்டாம்' என்று தானே முடிவு செய்துகொள்ளும். நான் பழகியதெல்லாம் குளிரில். அதனால் அந்தக் கார் ஒரு தடவைகூட என் கையில் அணைந்ததில்லை. எழுத்துத் தேர்வில் இதைப் பற்றிய கேள்விக்குச் சரியான விடைதான் குறித்தேன். திரையில் குறிப்பது வேறு, காலடியில் நடப்பது வேறு.

முதல் சிவப்பு விளக்கு. நின்றேன். நியூட்டர். கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

சத்தம் நின்றது.

பறவை கத்துவது கேட்டது. அதிகாரியின் மூச்சு கேட்டது. என் தலைக்குள் நாமக்கல் முழுசாக எழுந்து உட்கார்ந்தது. வண்டி ஆஃப் ஆயிடுச்சு. சாவியைத் தொடாதே, பேட்டரி போயிடும். ஹேண்ட்பிரேக் போடு. இறங்கு. ஆளைச் சேர்.

கை தானாக பெல்ட்டைக் கழற்றியது. கதவைத் திறந்தேன். இடப்பக்கம் திரும்புவதற்காக என்னை ஒட்டி வந்துகொண்டிருந்த ஒரு சைக்கிள்காரப் பெண் மயிரிழையில் ஒடித்து விலகினாள். போகிற போக்கில் அவள் சொன்ன ஜெர்மன் எந்த மொழி வகுப்பிலும் சொல்லித்தராதது. நான் அதையும் காதில் வாங்கவில்லை. நான்தான் கடமையில் இருக்கிறேனே.

"எங்கே போகிறீர்கள்?" என்றார் அதிகாரி, மிகவும் அமைதியாக.

"இன்ஜின் காலமாகிவிட்டது. ஐயா, நீங்களும் கொஞ்சம் இறங்கித் தள்ள முடியுமா? இரண்டாவது கியரில் நான் விட்டுப் பிடிக்கிறேன்."

பதற்றத்தில் என் ஜெர்மன் துக்கவீட்டு ஜெர்மனாகிவிட்டது. ஜெர்மன்காரர்கள் இன்ஜின் செத்தது என்று சொல்லமாட்டார்கள். ஓட்டுகிறவன் இன்ஜினின் கழுத்தை நெரித்துவிட்டான் என்பார்கள். பழி யார்மேல் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே கிடையாது.

ஊவே, பழக்குகிறவருக்கென்று தன் பக்கத்திலும் இருந்த கிளட்சை மிதித்தார். இன்ஜின் இருமிக்கூடப் பார்க்காமல் எழுந்தது. பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

தோல்வி. காரணம் இன்ஜினும் இல்லை, அதிகாரியைத் தள்ளச் சொன்னதும் இல்லை. பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்து சைக்கிளில் வந்தவருக்கு ஆபத்து விளைவித்தது. இந்த நாட்டில் அவமானத்துக்குக்கூடச் சரியான தலைப்பு கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் சொன்னது நியாயமும்கூட. அந்தப் பெண் கொஞ்சம் மெதுவாக ஒடித்திருந்தால் நான் இதைச் சிரித்துக்கொண்டு எழுதமாட்டேன்.

திரும்பும் வழியில் ஊவே வாய் திறந்தார். "குளிரில் பழக்கினேன். என் தப்பும் இருக்கிறது." இன்னொரு சிக்னல் தாண்டியதும், "ஆனால் தள்ளுவது எதற்கு?" என்றார்.

4

எதற்கு என்று அவருக்குச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்பா ஓட்டிய காலத்து லாரியில் இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரை நம்ப முடியாது. அதனால் எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிரேக்கை விட்டால் உருளும், கியரில் விட்டுப் பிடித்தால் கிளம்பும். இறக்கம் இல்லாத இடத்தில் அப்பா இன்ஜினை அணைக்கவே மாட்டார். அவர் டீ குடிக்கும்போதும் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். சேந்தமங்கலம் ரோட்டில் நல்ல டீ போடுகிற கடை சமதரையில் இருந்தது. இறக்கத்தில் இருந்த கடையில் டீ என்ற பெயரில் வெந்நீர் கொடுத்தார்கள். அப்பா வருஷக்கணக்கில் வெந்நீர்தான் குடித்தார். தப்பித் தவறிச் சமதரையில் அணைந்துபோனால், ரோட்டில் போகிற யாரையும் கூப்பிடலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளுவார்கள். பெயர்கூடக் கேட்கமாட்டார்கள்.

எனக்குப் பெண் பார்க்கப் போனது கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு. ஏற்காட்டு மலைப்பாதையின் அடிவாரம். அப்பா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று ரோட்டை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு கோமதியின் அப்பாவிடம், "அருமையான எடமுங்க. எங்க நிறுத்துனாலும் உருண்டுரும்," என்றார். அவர்கள் அதை ஏதோ பெரியவர் வாக்கு என்று எடுத்துக்கொண்டு காபியில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டார்கள். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் கோமதி சொல்வாள்: "என்னயப் பாத்தா கட்டுனீங்க? எங்கூரு எறக்கத்தப் பாத்துக் கட்டுனீங்க."

அப்பா லோடு ஏற்றிக் கிளம்புகிற அன்று வண்டி வாசலில் ஓடிக்கொண்டே நிற்கும். அம்மா சொல்லவேண்டியதையெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்வாள். மாத்திரை, சாப்பாடு, ராத்திரியில் காட்டுப் பாதையில் போகவேண்டாம் என்பது. அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். எங்கள் வீட்டில் பாசம் என்பது சத்தத்துக்கு மேல் கத்துவது. சத்தம் இருக்கிறவரை எல்லாம் நலம். சத்தம் நின்றால்தான் சங்கடம். வண்டி எங்கோ வழியில் படுத்திருக்கும், தகவல் இருக்காது, அம்மாவுக்குச் சோறு இறங்காது. மௌனம் என்றால் ரிப்பேர் என்று நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே படித்துவிட்டேன்.

அதனால்தானோ என்னவோ, நித்யா இரண்டு நாள் பதில் போடாவிட்டால் என் கை போனை விடாது. 'சாப்பிட்டாயா' என்று அனுப்புவேன். 'ஜுரமா' என்பேன். 'வைஃபை இல்லையா' என்பேன். பிறகு வெறும் கேள்விக்குறி. பிறகு கும்பிடும் கை. ஒருதரம் அவளோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கே செய்தி அனுப்பினேன். அந்தப் பெண் நித்யா தூங்குகிற படத்தை எடுத்து அனுப்பினாள். அதற்கு நித்யா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் நான் என்னென்ன அனுப்பினேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

5

மறுதேர்வுக்கு முன்னால் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தோம். நித்யா வரவில்லை. "செமஸ்டர்ப்பா."

அப்பா இப்போது சூரமங்கலத்தில் தங்கை சாந்தி வீட்டில் இருக்கிறார். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. போன அன்றைக்கே என் தோல்வியை அப்பாவிடம் விவரமாகச் சொன்னேன். வெளிநாட்டுக் கதை கேட்கிற சுவாரசியத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வண்டி நின்னுபோச்சு. நீ எறங்குன. செரி. அந்த ஆபீசர் ஏஞ்சாமி எறங்கல?"

"அது தானா நின்னதுங்கப்பா. தானாவே கிளம்பிக்குமாம்."

"நிக்கறதுன்னா நாமதான் நிறுத்தோணும். அதுவா நின்னா அதுக்குப் பேரு ரிப்பேரு."

"அங்க எல்லா வண்டியும் இப்ப அப்படித்தானுங்கப்பா."

"அப்ப எல்லா வண்டியும் ரிப்பேரு," என்றார், தீர்ப்பு எழுதிவிட்டவர்போல.

உள்ளேயிருந்து சாந்தி கேட்டாள். "அண்ணா, எங்கூட உழவர் சந்தைக்கு வாரீங்களா? பையத் தூக்க ஆளு வேணும்."

அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். சிக்னலில் நின்றோம். ஸ்கூட்டர் அணைந்தது. அடுத்து நடந்ததற்கு என் மூளை பொறுப்பல்ல, கால்கள்தான் பொறுப்பு. குதித்து இறங்கிப் பின்கம்பியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"வண்டி நின்னுபோச்சு சாந்தி. நீ ஹேண்டில மட்டும் புடி."

பக்கத்தில் பைக்கில் நின்றவர் உதவி செய்யும் முகத்தோடு, "ஏனுங்க, பெட்ரோல் தீந்துபோச்சுங்களா?" என்றார்.

"பெட்ரோலெல்லாம் இருக்குதுங்க," என்றாள் சாந்தி. "எங்கண்ணன் வெளிநாட்டுல இருந்து வந்திருக்காரு." அது போதுமான விளக்கம் என்பதுபோல அவரும் தலையாட்டினார். "ஏறுங்கண்ணா. இது அதுவா நிக்கும். முறுக்குனாக் கெளம்பிக்கும். இங்க எத்தன வருசமா இருக்குது."

பச்சை விழுந்தது. முறுக்கினாள். சத்தமே இல்லாமல் கிளம்பியது. பின்னால் உட்கார்ந்து காலிப் பையை அணைத்துக்கொண்டு நான் யோசித்தேன். அங்கே நான் நாமக்கல் மூளையால் தோற்றேன் என்று நினைத்திருந்தேன். அந்த நாமக்கல் இப்போது இங்கேயே இல்லை. நான் கிளம்பிப்போன நாளில் ஊரை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். ஊர் எனக்காகக் காத்திருக்கவில்லை, தானாகக் கிளம்பி வெகு தூரம் போயிருக்கிறது. தள்ள ஆள் வேண்டியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் சாந்தியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிக்னல் சிக்னலாகப் போனேன். ஐந்து ரோடு, சூரமங்கலம், மறுபடி ஐந்து ரோடு. நான் பழகியது ஓட்டுவதற்கில்லை. அணைந்தபோது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு. நீங்களும் முயன்று பாருங்கள், ரொம்பக் கஷ்டம். முதல் இரண்டு நாள் கால் தரையைத் தேடியது. பிறகு விரல்கள் மட்டும் துடித்தன. திரும்பக் கிளம்பும் சமயத்தில், அணைந்த வண்டியில் உட்கார்ந்து எதிரே ஜவுளிக்கடைப் பலகையை முழுசாகப் படிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அதே வாரத்தில்தான் நித்யாவிடமிருந்து செய்தி வராமல் போனது. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுந்துபோய்க் கூப்பிட்டேன்.

"ப்பா, எனக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் ரகசியக் குரலில். "லைப்ரரில இருக்கேன். எல்லாரும் பாக்கறாங்க."

திரும்பி வந்தபோது இலையில் ரசம் பரவியிருந்தது. கோமதி நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்: "ஸ்கூட்டர்ல பழகி என்னங்க பிரயோசனம்? அவள இன்னும் எறங்கித்தான் தள்ளறீங்க."

நல்ல வாக்கியம். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பொறாமையாக இருந்தது. அன்றைக்கே அதைக் கொஞ்சம் மெருகேற்றி, இன்ஜினையும் வாழ்க்கையையும் இணைத்து, பெரிய தத்துவமாக நித்யாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

6

இரண்டாவது தேர்வுக்கும் அதே வெள்ளை மீசைதான் வந்தார். காரில் ஏறும் முன் என்னைப் பார்த்துத் தன் காலைத் தூக்கிக் காட்டினார். நடைபயணத்துக்குப் போடுகிற கெட்டியான ஷூ. "இன்று தயாராக வந்திருக்கிறேன்," என்றார். ஜெர்மன்காரர்களுக்கு நகைச்சுவை வராது என்று சொல்கிறவர்களை நான் இனி நம்பப்போவதில்லை.

அன்றைக்கு நல்ல கோடை. போகும் ஒவ்வொரு சிவப்பிலும் இன்ஜின் அணைந்தது. அணைந்த ஒவ்வொரு தடவையும் 'இறங்கு' என்று தலைக்குள் நாமக்கல் கத்தியது. அது போகவில்லை, போகாது என்றே நினைக்கிறேன். கையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். எதிர்க்கடைப் பலகையைப் படித்தேன். பச்சை. கிளட்ச். கிளம்பு. ஊவே ஒரே ஒரு தடவை "தோள்" என்று சொல்ல வாயெடுத்தார், நான் அதற்குள் திரும்பிவிட்டிருந்தேன்.

லைசென்ஸ் அட்டை கைக்கு வந்த அன்று கோமதி சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். நான் அதைப் படமெடுத்து நித்யாவுக்கு அனுப்பினேன். 'சனிக்கிழமை காலை வருகிறேன். பையோடு ரெடியாக இரு.' இதய வடிவங்கள் மூன்று வந்தன. எனக்கு அவை ஒப்புதல் மாதிரிதான் தெரிந்தன.

7

சனிக்கிழமை அதிகாலையிலேயே ஆய்வகத்துக்குக் கிளம்பும் முன் கோமதி காரின் பின்சீட்டில் ஒரு போர்வை வைத்தாள். "திரும்பி வரப்ப அவ தூங்குவா," என்றாள். நான் தனியாக நெடுஞ்சாலையில் போனேன். எல்லோரும் என்னைத் தாண்டினார்கள். ஒரு லாரியும் தாண்டியது. அதை மட்டும் கொஞ்சம் மரியாதையோடு விட்டேன்.

நித்யா கீழே வந்து கதவைத் திறந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கையில் பை இல்லை.

"பை எங்க கண்ணு?"

"மேல வாங்கப்பா."

மூன்று பேர் தங்கும் வீடு. மற்ற இரண்டு பேர் வெளியே போயிருந்தார்கள். சமையலறை மேஜையில் அட்டையில் வெட்டி ஒட்டிய சின்னச் சின்னக் கட்டடங்கள் நின்றன. அவற்றை நகர்த்தி எனக்கு இடம் செய்து ஒரு தட்டு வைத்தாள். உப்புமா. கட்டிகட்டியாக இருந்தது, உப்பு சரியாக இருந்தது.

"ப்பா, நான் வரல," என்றாள்.

"பரீட்சையா?"

"இல்ல."

"உடம்புக்கு ஏதாவது..."

"இல்லப்பா. எனக்கு இன்னைக்கு ஒரு வேலையும் இல்ல." ஜெர்மனில் தொடங்கி நிறுத்தி, தமிழில் தேடினாள். "ட்ரெய்ன் இருக்கு. ரெண்டு எடத்துல மாறணும். எங்களுக்கு மாணவர் பாஸ் இருக்கு, அதுல வந்துரலாம். எப்பவும் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்."

தெரியும். நான் சோம்பேறி, கோழை, ஆனால் முட்டாள் இல்லை. அந்த ரயில் எங்கள் ஊர் நிலையத்தில் நின்று போவதை டிராமிலிருந்து தினமும் பார்க்கிறேன். கார் இல்லாததால்தான் மகள் வரவில்லை என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. கார் என்றால் நான் ஏதாவது செய்ய முடியும். பரீட்சை எழுதலாம், தோற்கலாம், மறுபடி எழுதலாம். அவளுக்கு வரத் தோன்றவில்லை என்றால் நான் என்ன பரீட்சை எழுதுவது?

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"நீங்க ரொம்ப சந்தோசமாப் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

பேச ஆயிரம் இருந்தது. அம்மா எவ்வளவு எதிர்பார்ப்பாள் என்பது, உனக்காகத்தானே இவ்வளவும் என்பது, போர்வை. நாக்கு நுனிவரை வந்தன. உப்புமாவைத் தின்றேன். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

"அங்க வந்தா எனக்குப் பழைய ரூம்தான் இருக்கு," என்றாள் கடைசியில், நான் கேட்காமலேயே. "நான் போனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருக்கீங்க. அதுல நான் இல்ல, ப்பா. இங்க எப்படி இருக்கேன்னு நீங்க ரெண்டு பேரும் பாத்ததே இல்ல. அம்மா வந்தாக் கூடக் கீழ ஹாரன் அடிப்பாங்க. நான் எறங்கி வருவேன். மேல ஏறி வந்ததில்ல."

உண்மைதான். அந்த மாடிப்படியில் நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் ஏறினேன்.

சாயங்காலம்வரை அங்கே இருந்தேன். அட்டைக் கட்டடங்களைக் காட்டினாள். ஒரு பள்ளிக்கூடமாம், வெயில் எந்த மணிக்கு எந்த ஜன்னலில் விழும் என்று டார்ச் அடித்து விளக்கினாள். ஆற்றங்கரையில் நடந்தோம். எதிரே வந்த பத்துப் பேரில் நாலு பேர் அவளைப் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் என்னை அறிமுகம் செய்தாள். என்னைப் பற்றி என்ன சொன்னாளோ, எல்லோரும் என்னைப் பார்த்துத் தள்ளுவதுபோல் கையைக் காட்டிச் சிரித்தார்கள்.

கிளம்பும்போது காருக்கு வந்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழம அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் சமைக்கறேன். எங்கூட இருக்கறவங்களும் இருப்பாங்க."

அவளை அழைத்து வருவதற்காக லைசென்ஸ் எடுத்தேன். அது நாங்கள் போய் வருவதற்கான லைசென்ஸ் என்று அப்போதுதான் தெரிந்தது.

தெருமுனை தாண்டி ஓரமாக நிறுத்தி, கோமதியைக் கூப்பிட்டேன். ஷிஃப்ட் முடிந்து வீட்டில் இருந்தாள்.

"கெளம்பிட்டீங்களா? அவ தூங்கிட்டாளா?"

"அவ வரல, கோமதி."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவசரப்பட்டு எதையும் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

"ஏனாம்?" என்றாள், ரொம்ப மெதுவாக.

"நாம வரணுமாம். அடுத்த ஞாயித்துக்கிழம. மேல ஏறி வரணுமாம். அவ சமைக்கறாளாம்."

மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, பிறகு பாத்திரம் நகர்த்துகிற சத்தம்.

"என்ன சமைக்கறாளாம்?"

"அது கேக்கல."

"அதக்கூடக் கேக்காம," என்றாள் கோமதி, "நாளெல்லாம் அங்க உக்காந்து என்னத்தங்க பேசிக்கிட்டு வந்தீங்க?"